இஷாவுக்குப் பிறகு பத்து நிமிஷம்: முஹாஸபா (தன்னைத்தானே கணக்குக் கேட்பது) செய்வது எப்படி?

ரமலான் வந்தால் குர்ஆனில் எத்தனை ஜுஸ்உ (பாகம்) ஓதினோம், எத்தனை தராவீஹ் இரவுத் தொழுகை விட்டுப்போனது என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். மற்ற பதினொரு மாதமும் அந்தப் பேச்சே இல்லை. குர்ஆனின் சூரத்துல் ஹஷ்ர் அத்தியாயத்தில் 18-வது வசனம், ஈமான் கொண்டவர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் நாளைக்கென்று எதை அனுப்பி வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு ரமலான் என்று தேதி குறிக்கவில்லை. கேள்வி கணக்கு கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று கலீஃபா உமர் (ரலி) சொன்னது பயான்களில் அடிக்கடி காதில் விழும், ஆனால் வீட்டில் உட்கார்ந்து அதை எப்படிச் செய்வது?

1111-ல் இறந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தன் இஹ்யா என்ற நூலில் இதற்கென்றே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். நஃப்ஸை, அதாவது நம் மனசை, வியாபாரக் கூட்டாளி மாதிரி நடத்தச் சொல்கிறார்: காலையில் நிபந்தனை பேசு, பகலில் கண் வை, இரவில் வரவு செலவு கேள். முதலீட்டுப் பணத்தைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு எந்த வியாபாரியும் சும்மா இருக்க மாட்டான் அல்லவா.

சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுததும் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள். ஒன்றுதான், ஐந்து வேண்டாம். "இன்று யாரையும் அவர் இல்லாத இடத்தில் பேச மாட்டேன்", அவ்வளவு போதும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமல்தான் (நற்செயல்தான்) அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்று ஹதீஸே இருக்கும்போது, முதல் நாளே தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), உபரி நோன்பு, தினம் ஒரு ஜுஸ்உ என்று அடுக்குவது ஒரு வாரம்கூடத் தாங்காது.

இரவில் இஷா தொழுதுவிட்டு, போனைக் கையில் எடுக்கும் முன் உட்காருங்கள். எடுத்துவிட்டால் அப்புறம் உட்கார முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். முதலில் ஃபர்ளு (கட்டாயக் கடமை): ஐந்து வக்தும் நேரத்தில் தொழுதோமா, களா (நேரம் தவறிய தொழுகை) இருக்கிறதா, சரி, அடுத்து. இதில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

மீதி நேரம் முழுவதும் மனிதர்கள் விஷயத்துக்கு. நம்மில் பலர் தவறவிடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் வரும் முஃப்லிஸ் (திவாலானவர்) ஹதீஸை நினைத்துப் பாருங்கள். தொழுகை, நோன்பு, ஸக்காத் எல்லாம் கொண்டுவருகிற ஒருவர், இவரைத் திட்டி, அவர் மேல் அவதூறு சொல்லி, இன்னொருவர் பொருளைத் தின்று, வேறொருவரை அடித்திருந்ததால், தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, மிச்சக் கடனுக்கு அவர்களுடைய பாவங்களையும் சுமந்து நரகம் போகிறார். ஆகவே பெயர் பெயராகக் கேளுங்கள். இன்று வீட்டில் யார் மனம் நோகப் பேசினேன்? வேலைக்கு வந்தவருக்குக் கூலியை இழுத்தடித்தேனா? விசாரிக்காமல் எதையாவது வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டேனா? காசு எந்த வழியில் வந்தது, எதில் போனது? இந்தக் கடைசிக் கேள்வி மறுமையில் எப்படியும் வரும் என்று திர்மிதி ஹதீஸ் நூலில் இருக்கிறது.

தப்பு தென்பட்டால் அழுதுவிட்டுத் தூங்குவது மட்டும் போதாது. தவ்பாவுக்கு (பாவமன்னிப்புத் தேடி மீளுவதற்கு) மூன்று நிபந்தனை சொல்வார் இமாம் நவவி (ரஹ்): அதை விட வேண்டும், வருந்த வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். அடுத்தவர் ஹக்கு (உரிமை) சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக, அதைத் திருப்பித் தர வேண்டும். காசென்றால் காலையிலேயே கொடுங்கள், சுடுசொல்லென்றால் மன்னிப்புக் கேளுங்கள். புறம் பேசியதைப் போய்ச் சொன்னால் புதுச் சண்டைதான் மூளும் என்றால், அவருக்காக துஆ செய்து, பேசிய அதே ஆட்களிடம் அவருடைய நல்லதைச் சொல்லுங்கள் என்கிறார்கள் ஆலிம்கள் பலர்.

நோட்டில் எழுதலாமா? எழுதலாம், ஆனால் பாவத்தை விலாவாரியாக எழுத வேண்டாம், ஒரு குறி போதும். அல்லாஹ் மறைத்து வைத்ததை நாமே வெளியில் சொல்லித் திரிவது எவ்வளவு கெட்டது என்று புகாரி ஹதீஸ் நூலில் எச்சரிக்கை இருக்கிறது. "என் தவறுகளும் நான் கற்றதும்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிலருக்கு எதிர்ப்பக்கத் தொல்லை வரும், பார்க்கப் பார்க்க நான் முனாஃபிக்கோ (நயவஞ்சகனோ) என்று தோன்றும். நபித்தோழர் ஹன்ளலா (ரலி) அவர்களுக்கே அப்படித் தோன்றியது. நபியவர்கள் (ஸல்) சபையில் இருந்த உள்ளம் வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்ததும் இல்லையே என்று கலங்கினார். அதற்கு நபியவர்கள் (ஸல்), எப்போதும் அதே நிலையில் இருந்தால் மலக்குகள் (வானவர்கள்) உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து கைகொடுப்பார்களே, இதற்கு ஒரு நேரம் அதற்கு ஒரு நேரம் என்றார்கள். பத்து நிமிஷம் முடிந்ததும் இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்புக் கேட்கும் வார்த்தை) சொல்லி எழுந்துவிடுங்கள், படுக்கையில் புரண்டு கிளற வேண்டாம்.

திங்களும் வியாழனும் அமல்கள் அல்லாஹ்விடம் எடுத்துக்காட்டப்படும் நாட்கள், அதனால் புதன் இரவில் வாரக் குறிகளை ஒருமுறை புரட்டுங்கள். ஒரே தப்பு ஒரே இடத்தில், ஒரே கூட்டத்தோடு திரும்பத் திரும்ப வந்திருந்தால், மறுபடி சபதம் போடுவதைவிட அந்த வாரம் அங்கே போகாமல் இருந்து பாருங்கள்.