திருமலைக்கு (திருகோணமலைக்கு) முதல் தடவை, குறைந்த லீவில் வருகிறவர்களுக்கு

லீவு இரண்டு கிழமைதான். அதற்குள் நல்லூர், கண்டி, நுவரெலியா, காலி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் "அப்பாவின்ரை ஊர்" என்று திருகோணமலைக்கு ஒன்றரை நாள். வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சொந்தங்களில் பாதிப் பேரின் திட்டம் இப்படித்தான் இருக்கிறது. திரும்பிப் போன பிறகு பிள்ளைகளைக் கேட்டால் வானுக்குள் இருந்ததுதான் ஞாபகம் என்பார்கள். நான் திருமலையில் இருந்து எழுதுகிறேன், ஊர்ப்பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், அதைக் கழித்துப் பார்த்தாலும் சொல்வது இதுதான்: முதல் தடவை, நாளும் குறைவு என்றால் இங்கே ஒரே இடத்தில் ஐந்து நாளாவது தங்குங்கள். சீகிரியா எங்கும் ஓடிவிடாது, அடுத்த முறை பார்க்கலாம்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். இலங்கை சின்ன நாடு, எங்கும் ஒரே காலநிலைதான் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். கொழும்பு, காலிப் பக்கம் மே, ஜூனில் மழை கொட்டும்போது கிழக்கில் வெயில் எரிக்கும். எங்களுக்கு மாரி ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். நத்தார் லீவு மலிவாகக் கிடைத்தது என்று குடும்பமாக வந்து, ஹோட்டல் யன்னலால் மழையைப் பார்த்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த நேரம் கடல் குமுறும், புறாத்தீவுக்குப் படகு போகாது, சூறாவளி வந்தாலும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும். 1964 டிசெம்பரில் திருமலையை அடித்துப்போட்ட சூறாவளியைப் பற்றி இங்குள்ள வயதானவர்கள் இன்னும் கதைப்பார்கள்.

நல்ல காலம், கனடா, ஐரோப்பியப் பள்ளிக்கூடங்கள் ஜூலை, ஓகஸ்ட்டில் லீவு விடுகின்றன, அது எங்கள் கடல் அமைதியாக இருக்கும் காலம். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல், அவர்களின் நீண்ட லீவு சரியாக மாரியில் வந்து விழுகிறது. ஜூலையில் கிடைக்கும் சின்ன லீவைப் பிடித்துக்கொண்டு வருவது நல்லது. ஆனால் ஒன்று, ஜூன் தொடங்கினால் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து காய்ந்து சூடாக அடிக்கும் அந்தக் காற்றில் மத்தியானம் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை ஊர்க்காரரே வெளியில் இறங்க மாட்டோம். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையையும் தவிர்க்கலாம், கடைகள் பூட்டிக் கிடக்கும், கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் இலத்திரனியல் பயண அனுமதியை ஒன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்துக்கே நேராகப் போங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது அதைப்போலவே தோற்றமுள்ள இடைத்தரகர் தளங்கள், மேலதிகமாகக் காசு கறப்பதற்கென்றே இருக்கின்றன. கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் போன வருஷம் மச்சான் சொன்னதை நம்ப வேண்டாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அந்தச் சான்றிதழைக் கையில் கொண்டுவர வேண்டும், பெட்டிக்குள் அடியில் அல்ல.

கட்டுநாயக்காவில் பிளேன் இறங்குவது பெரும்பாலும் நள்ளிரவு அல்லது விடியப்புறம். அங்கிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வானில் ஐந்து ஆறு மணித்தியாலம் எடுக்கும், கொழும்புக்குள் போகவே தேவையில்லை. இரவோடு இரவாக ஊருக்குப் போய் அம்மம்மாவின் கையால் காலைச் சாப்பாடு சாப்பிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். விட்டுவிடுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டினால் யானை றோட்டுக்கு வரும், உங்களைக் கூட்டிப்போக வந்த டிரைவரும் முதல் நாள் இரவு நித்திரை கொண்டிருக்க மாட்டார். நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துப் படுத்துவிட்டு வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். காசு பார்க்கிறவர்களுக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் இருக்கிறது, கல்லோயாச் சந்தியில் பிரிந்து வரும் பாதை. நீங்கள் வரும் கிழமையில் அது ஓடுகிறதா என்று இங்குள்ள யாரையாவது விசாரிக்கச் சொல்லுங்கள், பெட்டி படுக்கையோடு சின்னப் பிள்ளைகளும் இருந்தால் நான் ரயிலைச் சொல்ல மாட்டேன்.

தங்குவதற்கு உப்புவெளி, நிலாவெளி, டவுண் என்று மூன்று தெரிவு. டவுணில் தங்கினால் கோயில், கடை, பஸ் எல்லாம் பக்கம், ஆனால் குளிக்கிற கடல் இல்லை. நிலாவெளி அழகு, ஆனால் டவுணிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது, சொந்தக்காரர் வீடு வீடாகப் போகிறவர்களுக்கு ஓட்டோக்காசே ஒரு செலவாகிவிடும். உப்புவெளி நடுவில் இருக்கிறது, முதல் தடவைக்கு அதுதான் என் தெரிவு. மாமா வீட்டில் தங்குவதா என்று கேட்டால், ஒரு இரவு தங்குங்கள், மற்ற நாட்களுக்கு அறை எடுங்கள். மாமிக்கும் கொஞ்சம் மூச்சு விட வேண்டும்.

ஊரில் ஒரு நாளை வெயில்தான் பிரித்துக் கொடுக்கும். காலை ஐந்தரைக்கு எழும்பினால் பத்து மணிக்குள் ஒரு பெரிய வேலை முடித்துவிடலாம், மத்தியானம் படுக்கை, நான்கு மணிக்குப் பிறகு இன்னொன்று. நேரமாற்றத்தால் முதல் இரண்டு நாளும் எப்படியும் விடியமுன்னமே விழிப்பு வரும், அதைக் கோயிலுக்குப் பயன்படுத்துங்கள். கோணேசர் கோயில் பிரட்றிக் கோட்டைக்குள்ளால் ஏறிப்போகும் சுவாமிமலையின் நுனியில் இருக்கிறது. சம்பந்தர் பதிகம் பாடிய தலம். பழைய கோயிலை 1622 இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களையும் போட்டுத்தான் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள், இப்போது நிற்கும் கோயிலுக்கு 1963 இல் குடமுழுக்கு நடந்தது. இதைப் பிள்ளைகளுக்கு வாசலில் நின்று சொல்ல வேண்டாம், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் கூட்டிப்போய்க் கீழே கடலைக் காட்டிச் சொல்லுங்கள். 1956 இல் அந்தக் கடலுக்கு அடியில் சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டவர்களில் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர் என்றால் பெடியள் காதைத் தீட்டுவார்கள். காலைப் பூசைக்குப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும், மத்தியானம் கல் காலைச் சுட்டுவிடும். அரைக்காற்சட்டை, கையில்லாச் சட்டை வேண்டாம். கோட்டைக்குள் ஆமி இருக்கிறது, துறைமுகப் பக்கம் நேவி, அந்த முகாம்களைப் படம் எடுக்காதீர்கள், ட்ரோனை வீட்டிலேயே விட்டு வாருங்கள். வழியில் நிற்கும் மான்களுக்குப் பிஸ்கட் நீட்டுவதும் வேண்டாம், மான் பிஸ்கட்டோடு பையையும் தின்கிறது.

கன்னியா வெந்நீரூற்றுக்கு அரை நாள் ஒதுக்கத் தேவையில்லை. அனுராதபுரம் வீதியில் கொஞ்சத் தூரம், ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். வாளியால் அள்ளிக் குளிக்கலாம், நீந்த முடியாது. விடிய நேரத்தோடு போனால் சனம் குறைவு, சூட்டுத் தண்ணீரும் உடம்புக்குப் பிடிக்கும்.

புறாத்தீவுக்கு ஒரு காலையை முழுதாகக் கொடுங்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், கடல்சார் தேசியப் பூங்கா, முருகைக்கல்லும் (பவளப்பாறை) மீனும் முழங்கால் ஆழத்திலேயே தெரியும், சின்னச் சுறாக்கள் கரையோரமாகச் சுற்றும், சீண்டாவிட்டால் அவை பொதுவாகக் கடிக்காது. வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் வேறு, படகுக்கூலி வேறு, முகக்கண்ணாடி வாடகை வேறு, ஆகவே "எல்லாம் சேர்த்து எவ்வளவு அண்ணை?" என்று ஏறுமுன் கேளுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விலை பலமடங்கு, தமிழில் கதைத்தாலும் குறையாது, கவுண்டரில் நிற்கிற தம்பியோடு இதற்குச் சண்டை பிடிக்க வேண்டாம், அவர் வைத்த விலை இல்லை அது. முதல் படகில் போய்விடுங்கள், ஒன்பது மணிக்குப் பிறகு நெரிசல். கரை முழுக்க உடைந்த முருகைக்கல், வெறுங்காலோடு நடந்தால் கிழிக்கும். சன்கிரீம் பூசுவதைவிடக் கை நீண்ட நீச்சல் சட்டை போடுவது முதுகுக்கும் முருகைக்கல்லுக்கும் நல்லது. கல்லின் மேல் ஏறி நிற்கக் கூடாது, அது உயிருள்ள பொருள்.

சாப்பாடு. இங்கே வந்து பீட்சா தேடுகிறவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. நண்டு, இறால், கணவாய் எல்லாம் காலையில் பிடித்தது மத்தியானம் சட்டிக்குள் இருக்கும். கிண்ணியா எருமைத்தயிரை மண்சட்டியோடு வாங்கிக் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடாமல் போகாதீர்கள். ஆனால் முதல் நாளே எல்லாவற்றையும் அல்ல. முதல் இரண்டு நாளும் பிள்ளைகளுக்கு இடியப்பம், சொதி, வாழைப்பழம், செவ்விளநீர் என்று வயிற்றைப் பழக்குங்கள், மூடி உடைக்காத போத்தல் தண்ணீர், வீதியோர ஐஸ் பழச்சாறு வேண்டாம். வயிறு போனால் பார்மசியில் "ஜீவனி" என்று கேளுங்கள், உப்புச்சீனிக் கரைசல் பொடி, எல்லாக் கடையிலும் இருக்கும். காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம், ஆகவே பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரினோ இபுபுரூபனோ கொடுக்கக் கூடாது, தாமதிக்காமல் டொக்டரிடம் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, இரவு வலையை மட்டும் நம்ப முடியாது. அம்புலன்ஸுக்கு 1990, காசு கேட்க மாட்டார்கள்.

இனிச் சொந்தக்காரர். லீவு நாட்களைச் சாப்பிடுவது கடலோ கோயிலோ இல்லை, இவர்கள்தான். "சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம்" என்று ஃபோனில் சொன்னால் அந்த வீட்டில் கோழி அடித்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு வீடு, பின்னேரம் தேத்தண்ணிக்கு இரண்டு வீடு, அதற்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடுகிற வீடு எது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் மற்ற வீட்டார் கோபிக்க மாட்டார்கள், கொஞ்சம் முகம் சுருக்குவார்கள், அவ்வளவுதான். நீங்கள் வெளியில் இருந்த வருஷங்களில் செத்தவீடு நடந்த வீடுகள் இருக்கும், அங்கே முதலில் போக வேண்டும், பரிசுப்பொதி இல்லாமல். துக்கம் விசாரித்த கையோடு கோயிலுக்கோ இன்னொரு வீட்டுக்கோ போவதை இங்கே ஏற்க மாட்டார்கள், குளித்துவிட்டுத்தான் போக வேண்டும், ஆகவே அந்தப் பின்னேரத்தில் வேறு ஒன்றையும் வைக்காதீர்கள். வயதில் மூத்தவர் வீட்டுக்குப் பிறகுதான் மற்ற வீடுகள். மிச்ச எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வழி உண்டு, பத்திரகாளி அம்பாள் கோயிலில் ஒரு பூசைக்குச் சொல்லி, பிறகு ஒருவர் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு, செலவு உங்களுடையது. கொண்டுவந்த சொக்லேட் உருகியிருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காசு கொடுப்பது என்றால் மற்றவர்கள் பார்க்கக் கொடுக்காதீர்கள்.

பிளேனுக்கு முதல் நாளே நீர்கொழும்புப் பக்கம் போய்விடுங்கள். போகும்போது கருவாடு கட்டித் தருவார்கள், மறுக்க முடியாது. மூன்று பொலித்தீன் பையாவது சுற்றி, துணிக்குள் படாமல் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சொந்தப் பாவனைக்கு மீன் கொஞ்சம் கொண்டுபோக விடுவார்கள், இறைச்சி, பால் வகைக்கு விட மாட்டார்கள். ஆஸ்திரேலியா என்றால் உள்ளே போகும் அட்டையில் கருவாடு இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள், எழுதாமல் பிடிபட்டால் தண்டம் கருவாட்டு விலையைவிடப் பல மடங்கு.