புதிய ரைடு ஆபரேட்டர்களே, கண்ணால் பூட்டாதீர்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ரோலர் கோஸ்டர் ரயிலின் ஓரமாக நடந்து வந்தான். ஒவ்வொரு லேப் பாருக்கும், அதாவது மடிமேல் இறங்கிப் பூட்டும் கம்பிக்கும், உள்ளங்கையால் ஒரு தட்டு, தொழுவத்தில் மாட்டு முதுகைத் தட்டிக்கொண்டு போவதுபோல. கடைசி சீட்டைத் தாண்டியதும் கட்டைவிரலை உயர்த்தினான். நான் பொத்தானை அழுத்தவில்லை. "மறுபடி பார்த்துட்டு வா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் தட்டிக்கொண்டு போனேன், அதனால்தான் கோபம் வந்தது.

நேரத்துக்கு வருவது, போனை லாக்கரில் வைப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. முதல் நாளே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். ரைடின் பக்கத்தில் நின்று நாம் செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

பார்த்துவிட்டு 'சரி' காட்டுவது

பல ரைடுகளில் லேப் பார் 'டிக் டிக்' என்று படிப்படியாகக் கீழே இறங்கும். பூட்டு விடுவித்தால்தான் மேலே வரும். ஆகவே அது கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். அழுத்திய பிறகு மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சீட்டுக்கு இரண்டு நொடி ஆகும். வரிசையில் நிற்கும் கூட்டம் முறைக்கும். முறைக்கட்டும்.

என் கதை இது. கூட்டம் நெரிந்த ஒரு நாள். இரண்டாவது வண்டியில் ஒருவர் மடித்த ஜாக்கெட்டை மடியில் வைத்திருந்தார். பார் அதன்மேல் இறங்கிப் பூட்டிக்கொண்டது. நான் தட்டினேன், அசையவில்லை, கட்டைவிரல். ரயில் புறப்படும் நேரத்தில் அவர் ஜாக்கெட்டை உருவிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டார். பாருக்கும் தொடைக்கும் நடுவே ஒரு முழங்கை போகிற அளவுக்கு இடைவெளி. ஏற்றத்தில் சங்கிலி இழுக்கத் தொடங்கிய பிறகுதான் என் கண்ணில் பட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ரயில் நின்றது. ஏற்றத்தின் ஓரமாக இருக்கும் ஏணிப்படியில் ஏறிப்போய், எல்லோரும் பார்க்க, அவர் மடியில் பாரை அழுத்தியபோது இன்னும் நான்கு 'டிக்' கேட்டது. நான்கு! இன்றும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

"பேனலில் பச்சை எரிந்ததே" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் தாங்காது. விளக்குக்குத் தெரிவது பூட்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும். ஆள் எங்கே இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோவில், க்ளென்வுட் கேவர்ன்ஸ் பூங்காவின் செங்குத்தாக விழும் ரைடில் 6 வயதுச் சிறுமி இறந்தாள். முந்தைய சுற்றில் காலியாக இருந்த அந்த சீட்டின் பெல்ட்டுகள் பூட்டியபடியே கிடந்தன. குழந்தை அவற்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இயந்திரம் அந்த சீட்டில் ஏதோ கோளாறு என்று எச்சரிக்கத்தான் செய்தது. பூட்டு உள்ளே இருப்பதைப் பார்த்தார்கள், எச்சரிக்கையை ரீசெட் செய்தார்கள், ரைடை இயக்கினார்கள். பெல்ட் அவள் மடிக்கு மேலே இருக்கிறதா என்று ஒரு கை தொட்டுப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆர்லாண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவன், கோபுர உச்சியிலிருந்து சட்டென்று கீழே இறங்கும் டவர் ரைடிலிருந்து விழுந்து இறந்தான். அவன் சீட்டின் சென்சாரையே கையால் மாற்றி வைத்திருந்தது பிறகு தெரிய வந்தது. ஹார்னஸ், அதாவது தோள்மேல் இறங்கி ஆளைப் பிடித்துக்கொள்ளும் சட்டம், வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருந்தும் விளக்கு 'சரி' என்றே காட்டியிருக்கிறது.

ஆகவே எச்சரிக்கை வந்தால், காரணம் தெரியும்வரை ரீசெட்டைத் தொடாதீர்கள். "இந்த சீட் எப்பவும் இப்படித்தான்" என்று சீனியர் சொன்னால் அன்றைக்கு அந்த சீட்டை மூடுங்கள், அப்புறம் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

உயரக் கோலில் இரக்கம் காட்டுவது

குழந்தையின் தைரியத்தை அந்தக் கோல் அளப்பதில்லை. ஹார்னஸ் தோளிலும் தொடையிலும் சரியாக உட்காருமா என்பதற்கான அளவு அது. ஷூவுக்குள் துணியைத் திணித்து வரும் பிள்ளைகள் உண்டு. தலைமுடியை உச்சியில் கொண்டையாக்கி விடும் பெற்றோரும் உண்டு. இதில் நம் தவறு ஒன்று இருக்கிறது: ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கவிட்டுப் பிளாட்பாரத்தில் வந்து அளப்பது. அழுகை, சண்டை எல்லாம் அங்கேதான் வெடிக்கும். வரிசையின் வாயிலிலேயே அளந்துவிடுங்கள், மேலேயும் ஒருமுறை பாருங்கள்.

ஸ்டாப் பொத்தானுக்குப் பயப்படுவது

புதியவர்கள் அந்தச் சிவப்புப் பொத்தானைக் கடைசி ஆயுதம் மாதிரி நினைத்துக் கடைசி நொடிவரை காத்திருப்பார்கள். கோஸ்டரில் அது உதவாது. ரயில் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிட்டால் அதை இழுப்பது புவியீர்ப்புதான். அடுத்த பிரேக் வரும்வரை பொத்தானால் ஒன்றும் ஆகாது. ஏற்றத்தில் சங்கிலி இழுக்கும்போதே அழுத்துங்கள். வீணாக நிறுத்திவிட்டதாக யாராவது திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் நிறைய வாங்கியிருக்கிறேன்.

நிறுத்திய பிறகு இன்னொரு தவறு, மைக்கில் வாயைத் திறக்காமல் இருப்பது. மேலே தொங்குகிறவருக்கு இரண்டு நிமிடம் அரை மணி நேரம். "ரயில் பாதுகாப்பாக நிற்கிறது, பாரை யாரும் தள்ளாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

தொண்டை

கத்தாதீர்கள், மைக் இருக்கிறது.

ஷூ

புது ஷூவோடு விடுமுறை நாள் ஷிப்டுக்கு வராதீர்கள்.

வாந்தி

தண்ணீரை எடுத்து ஊற்றுவதற்கு முன் அந்த வரிசை சீட்டுகளை மூடுங்கள். சீட்டைத் துடைத்தவுடன் ஆளை ஏற்றிவிடுகிறோம். பெல்ட் பூட்டுக்குள் போனது அங்கேயே காய்ந்து, மாலையில் அந்தப் பூட்டு சிக்கும். அதையும் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு நான்கைந்து தடவை பூட்டித் திறந்து பாருங்கள்.