சொந்தக் கடலையைச் செக்கில் ஆட்டி விற்பதற்கு: பதிவு, பாட்டில், லேபிள்

உசிலம்பட்டி, சேடப்பட்டி, டி.கல்லுப்பட்டி பக்கம் கடலை போடுகிறவர்கள் மூட்டையாகக் கொடுத்தால் கட்டுப்படியாகவில்லை என்று எண்ணெயாக்கி விற்கப் பார்க்கிறார்கள். அப்படி இறங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, விவசாயி தன் நிலத்தில் விளைவித்த பொருளைச் சட்டத்துக்கு வெளியே வைக்கிறது. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் தேவையில்லாதது இதனால்தான். அதே கடலையைச் செக்கில் போட்டு ஆட்டி விற்றால் நீங்கள் உணவுத் தயாரிப்பாளர். பதிவு வேண்டும்.

பதிவு

2011 விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று பிரித்தன. பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தன. வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான அரசு இணையதளம் போஸ்காஸ் (FoSCoS). விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளம் காட்டும் தொகையையே கணக்கில் கொள்ளுங்கள். புகைப்படம், ஆதார், செக்கு இருக்கும் இடத்துக்கான முகவரிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு நீங்களே பதியலாம். இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க இதில் ஒன்றும் இல்லை.

விண்ணப்பம் போன 7 நாளுக்குள் அதிகாரி பதிவு தரவோ, காரணம் எழுதி மறுக்கவோ, இடத்தைப் பார்க்க வருவதாக அறிவிக்கவோ வேண்டும். 7 நாளில் இதில் எதுவும் நடக்காவிட்டாலும், ஆய்வு அறிவித்து 30 நாளில் முடிவு சொல்லாவிட்டாலும் தொழிலைத் தொடங்கலாம் என்று 2011 விதிகளே சொல்கின்றன. கிடைக்கும் எண் 14 இலக்கம். முதல் இலக்கம் 2 என்றால் பதிவு, 1 என்றால் உரிமம். அடுத்த இரண்டு இலக்கம் 24, அது தமிழ்நாடு.

ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டி வீட்டுக்கு எடுத்துப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள். அதை உங்கள் பெயரில் விற்றால் செக்குக்காரருக்கும் எண் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். ஆட்டிய இடமும் விற்பவரும் லேபிளில் தெரிய வேண்டும்.

எண்ணெய் எங்கே தவறுகிறது

கலப்படமே செய்யாதவர்கூட ஆய்வில் தவறுவது பெரும்பாலும் ஈரத்தால். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அமில மதிப்பு நிலக்கடலை எண்ணெய்க்கு 6-க்கு மேல் போகக் கூடாது. ஈரக் கடலையும் பூசணம் பிடித்த பருப்பும் அந்த மதிப்பை ஏற்றிவிடும். உடைத்த பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கையில் அழுத்தினால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைவது, தோல் தேய்த்ததும் உதிர்வது இதன் அடையாளம். சுருங்கியது, முளைவிட்டது, பச்சையாகப் பூசணம் பூத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சான அஃப்ளாடாக்சின் வடிகட்டாத எண்ணெயில் கொஞ்சம் தங்கும், மிச்சம் புண்ணாக்கில் போகும். புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அது வரும்.

ஆட்டும்போது தெளிக்கும் தண்ணீர், எள்ளுக்குப் போடும் கருப்பட்டி, இரண்டிலிருந்தும் ஈரம் எண்ணெயில் இறங்கும். மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் 2, 3 நாள் அசைக்காமல் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள். கசடோடு பாட்டிலில் போனால் சீக்கிரம் காறல் அடிக்கும். வெயிலில் பல நாள் வைத்தாலும் அப்படித்தான்.

வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் ஆட்டிய செக்கில் சமையல் எண்ணெய் ஆட்டவே வேண்டாம். உரலில் தங்கிய பழைய எண்ணெய் சோதனையில் கலப்படமாகத் தெரியும். எந்த வகை எண்ணெய் என்று காட்டும் அயோடின் மதிப்பு நிலக்கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99 வரை இருக்க வேண்டும் என்பது போன்ற எல்லைகள் உண்டு. மேலே கியர் பெட்டி இருந்தால் கிரீஸ் சொட்டாமல் அடியில் ஒரு தட்டு பொருத்துங்கள். உர மூட்டையும் பூச்சிமருந்தும் அந்த அறையில் இருக்கவே கூடாது. ஆய்வுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பாட்டிலும் லேபிளும்

கேனிலிருந்து அளந்து ஊற்றி விற்பதை மத்திய விதிகள் தடுக்கின்றன. எண்ணெய் அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். பாட்டில் செலவு சிறு உற்பத்தியாளருக்குத்தான் அதிகம் உறைக்கும் என்பது உண்மை. ஆனால் பாமாயில் கலந்தவரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டுவதும் அந்த லேபிள்தான். ஒருமுறை பயன்படுத்திய டின்னிலோ பிளாஸ்டிக் கேனிலோ மறுபடி அடைக்காதீர்கள்.

தமிழில் மட்டும் அச்சடிப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். 500 மி.லி. பாட்டிலுக்கு இப்படி வரும்:

நிலக்கடலை எண்ணெய். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். நிகர அளவு 500 மி.லி., எடை 455 கிராம் (லிட்டருக்குச் சுமார் 910 கிராம் கணக்கு). தொகுதி எண் (ஒரே தடவையில் ஆட்டிய எண்ணெய்க்கு இடும் எண்). தயாரித்த தேதி, காலாவதித் தேதி. அதிகபட்ச சில்லறை விலை, எல்லா வரிகளும் உட்பட. ஒரு மில்லியின் விலை: பாட்டில் 150 ரூபாய் என்றால் 30 காசு. முழு முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண். உணவுப் பாதுகாப்பு முத்திரையும் 14 இலக்க எண்ணும். இவற்றோடு ஊட்டச்சத்து அட்டவணையும்.

‘இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்துக’ என்று மட்டும் போட்டால் போதாது, காலாவதித் தேதி தனியாக வேண்டும். ‘கொழுப்பை விரட்டும்’, ‘இதயத்துக்கு இதமானது’ போன்ற வாசகங்கள் எண்ணெய் லேபிளுக்கே கூடாதவை. லேபிள் தவறினால் எண்ணெய் சுத்தமாக இருந்தாலும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமுண்டு.

பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவுச் சட்டப்படி தனிப் பதிவு உண்டு, கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும்.

மாதிரி எடுக்க வந்தால்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் விலை கொடுத்து வாங்கி, மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிடுவார். நான்காவது பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த இடத்திலேயே எழுதிக் கொடுங்கள். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அது உங்களுக்குப் பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மாவட்ட நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அப்போது பேச ஆதாரம் வேண்டும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாட்டிலைப் பிரிக்காமல் காலாவதி வரை இருட்டான இடத்தில் எடுத்து வையுங்கள். எந்த வயல் கடலை, எத்தனை கிலோ பருப்பு, எவ்வளவு எண்ணெய், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.