மௌனப் பேய்ப்படம் பார்ப்பது எப்படி?

முதல் தடவை 'நோஸ்ஃபெராட்டு' என்ற பழைய மௌனப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடுகுடுவென்று நடக்கிறது! கோளாறு படத்தில் இல்லை, என் கையில் கிடைத்த பிரதியில். புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: ஜார்ஜ் மெலியேஸ் 1896-இல் எடுத்த 'பிசாசின் மாளிகை'யைப் பாருங்கள். மூன்றே நிமிடம். பறந்து வரும் வௌவால் சட்டென்று பிசாசாகிவிடும். கேமராவை நிறுத்தி, வௌவாலை எடுத்துவிட்டு ஆளை நிற்கவைத்து, மறுபடி ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். பயம் வராது. வரவேண்டும் என்று அவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

படி 2: இப்போது 'நோஸ்ஃபெராட்டு' (1922). இங்கேதான் நிதானம் வேண்டும். இயக்குநர் முர்னாவ் இரவுக் காட்சிகள் பலவற்றைப் பகலிலேயே எடுத்தார். பிறகு படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றினால் அது இரவு. சாயம் போன பிரதியில் இரவெல்லாம் பகலாகிவிடும், கதையே குலைந்துபோகும். ஏனென்றால் இந்தப் படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா என்ற காட்டேரி பகலிலும் நடமாடுவான்; வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பது இந்தப் படம் கொண்டுவந்தது. (அனுமதி வாங்காமல் எடுத்ததால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. தப்பியவற்றால்தான் நாம் பார்க்கிறோம்.) ஆகவே இரவு நீலமாகவும், விளக்கெரியும் அறை மஞ்சளாகவும் இருக்கிற பிரதியைத் தேடுங்கள்.

படி 3: ஓடும் நேரத்தைப் பாருங்கள். சீரமைத்த பிரதி ஒன்றரை மணி நேரம் ஓடும். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 24 சட்டங்களுக்கும் (ஃபிரேம்களுக்கும்) குறைவு. அதை 24-இல் ஓட்டினால் படம் வேகமாகிச் சீக்கிரம் முடியும், எல்லோரும் கோமாளிதான்.

படி 4: இசை. மௌனப் படங்கள் பெரும்பாலும் இசையோடுதான் ஓடின. இதற்கென்றே ஹான்ஸ் எர்ட்மன் இசை எழுதினார். அது இருந்தால் நல்லது. ஏதோ ஒரு பியானோவை ஒட்டவைத்த பிரதி என்றால் சத்தத்தை அணைத்துவிடுங்கள், மின்விசிறிச் சத்தமே தேவலை.

படி 5: விளக்கை அணையுங்கள். கடைசியில் மாடிப்படியில் ஒரு நிழல் மட்டும் ஏறும், நீண்ட விரல்களோடு. ஆள் தெரியமாட்டான். அங்கே கண்ணை எடுக்காதீர்கள்.

பிடித்திருந்தால் அடுத்து லான் சேனி நடித்த 'ஆபராவின் பூதம்' (1925). தன் ஒப்பனையைத் தானே போட்டுக்கொண்டவர். முகமூடி கழலும் காட்சிக்கு முன் அவர் முகத்தைக் கூகுளில் மட்டும் தேடிவிடாதீர்கள்.