பழைய ஆபீசுக்கு ஒரு நாள் காரியமாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் 12ஆம் தேதி, காலை பதினொன்றரை மணிக்கு என் மேஜைக்கு முன் ஒரு தம்பி வந்து நின்றார். எங்கள் ஆலையை விட்டு விலகி நான்கு மாதம் ஆகிறது. புதிய கம்பெனியில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்திருந்தார். விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், பி.எஃப். என்கிற வருங்கால வைப்புநிதி, சம்பள பாக்கி என எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஐந்து மணிக்குப் பஸ் ஏற வேண்டுமாம். 2011இல் வேறொரு ஆலையின் வாசலில் இதே மாதிரி ஒரு ஃபைலோடு நின்றவன் நான். அன்று நான் செய்த தவறுகளை அவர் வரிசைகூட மாறாமல் செய்துகொண்டிருந்தார்.

பணியாளர் பிரிவில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல ஆண்டுகளாக இதைப் பார்த்துவருகிறேன். ஆதார் நகல் கொண்டுபோங்கள், பாஸ்புக் கொண்டுபோங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இப்போது யாருமில்லை.

தேதி பார்க்காமல் வருவது

பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டிலும் முந்தைய மாதப் பங்களிப்பைக் கட்டுவதற்கு 15ஆம் தேதி கடைசி நாள். பத்தாம் தேதி தாண்டினாலே எங்கள் அறையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. 25க்குப் பிறகு சம்பளப் பட்டியல் தொடங்கிவிடும். விலகிப்போனவரின் காகிதத்தை எடுத்துப் பார்க்க மனமும் நேரமும் உள்ள நாட்கள் 16க்கும் 24க்கும் நடுவில்தான் இருக்கின்றன. எந்த அறிவிப்புப் பலகையிலும் இதை எழுதி வைக்க மாட்டார்கள்.

முதலில் நண்பர்களைப் பார்க்கப் போவது

2011இல் ஒன்பதரை மணிக்கே வாசலுக்குப் போய்விட்டேன். ஆறு ஆண்டு வணக்கம் சொல்லிப் பழகிய வாட்ச்மேன் இல்லை. புதியவர் பார்வையாளர் புத்தகத்தை நீட்டி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வி கொஞ்சம் சுட்டது. சுட்டதை ஆற்றிக்கொள்ளத்தானோ என்னவோ, நேராக ஸ்பின்னிங் பக்கம் போய்விட்டேன். ஒரு டீ, இன்னொரு டீ, யார் கல்யாணம், யாருக்கு இரண்டாவது குழந்தை. பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்தால், கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் அப்போதுதான் இன்னொரு யூனிட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தது நான்கு மணிக்கு. அதன் பிறகு நடந்ததெல்லாம் அவசரத்தில் நடந்தது. கீழே நான் புலம்பப்போகிற பெரிய தவறும் அந்த அவசரத்தில் பிறந்ததுதான்.

காகிதங்களைக் கொடுத்து, அது யார் மேஜையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு டீ குடிக்கப் போங்கள்.

தெரிந்தவர் இருக்கிறார் என்று போன் செய்யாமல் வருவது

அவரும் வேலையை விட்டிருப்பார்.

பெயரையும் தேதியையும் பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பது

நமக்கு இனிஷியல் என்று ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால், எங்கள் பதிவேட்டில் புள்ளியே இல்லாமல். மனிதர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. பி.எஃப். கணினிக்கு இவர்கள் நான்கு பேர். விடுவிப்புக் கடிதத்தை வாங்கிய இடத்திலேயே நின்று மூன்றைப் பாருங்கள்: ஆதாரில் உள்ளபடி பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி. மேஜைக்கு முன் நின்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் திருத்தித் தருவோம். ஊருக்குப் போய்ச் சொன்னால் அதற்கு ஒரு விண்ணப்பம், அதற்கு ஓர் ஒப்புதல், அதற்கு இன்னொரு விடுப்பு.

விலகிய தேதி காகிதத்தில் இருந்தால் போதாது. பி.எஃப். தளத்திலும் ஏறியிருக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு நாங்கள் தாமதமாகத்தான் ஏற்றியிருந்தோம். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. நிறுவனம் ஏற்றவில்லை என்றாலும் பெரிய கவலை வேண்டாம். கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆனபின் உறுப்பினரே ஆதார் ஓ.டி.பி. கொண்டு அதைப் பதிவுசெய்யலாம். 2020இல் வந்த வசதி. இந்த ஒரு தேதிக்காக மட்டும் முந்நூறு கிலோமீட்டர் வந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது, வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடலாமா என்று தோன்றும்.

பென்சில் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவது

இதை மட்டும் இன்றுவரை என்னால் அமைதியாகச் சொல்ல முடிவதில்லை.

அந்த ஆலையில் பி.எஃப். வேலை பார்த்த குமாஸ்தா நல்ல மனிதர். சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் ஒவ்வொரு தாளையும் சந்தேகப்பட்டுப் படித்திருப்பேன். நான்கரை மணிக்கு ஒரு கட்டைக் கையில் கொடுத்து, "பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், அங்கெல்லாம் போடுங்கள். கணக்கை மாற்றுவது என்றால் படிவம் 13 நிரப்பி இரண்டு பக்கமும் அலைய வேண்டும். எடுத்துக்கொண்டு போங்கள், அதுதான் சுலபம்" என்றார். எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யூ.ஏ.என். வராத காலம் அது. அலைச்சல் என்று அவர் சொன்னது பொய்யில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். மேலே இருந்தது படிவம் 19. அடியில் இருந்தது 10சி.

இரண்டும் ஒன்றில்லை. நம் சம்பளத்தில் பிடிக்கிற 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. நிறுவனம் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது. 19 என்பது பி.எஃப். பணத்தை முழுவதும் எடுத்து முடிக்கிற படிவம். 10சி அந்த ஓய்வூதியப் பங்குக்கானது. அதில் இரண்டு வழிகள் உண்டு. பணமாக வாங்கிக்கொள்ளலாம். அல்லது, பணம் வேண்டாம், நான் இத்தனை ஆண்டு வேலை பார்த்தேன் என்று எழுதிக்கொடுங்கள் என்று திட்டச் சான்றிதழ் கேட்கலாம். அந்தச் சான்றிதழை அடுத்த கம்பெனியில் கொடுத்தால் பழைய ஆண்டுகள் புதிய ஆண்டுகளோடு சேர்ந்துவிடும். என் தாளில் பணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே குறி இருந்தது.

வந்த தொகையைச் சொல்கிறேன். ஓய்வூதியக் கணக்குக்கான அன்றைய உச்சவரம்புச் சம்பளம் 6,500 ரூபாய். வேலை பார்த்த ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் ஆறு ஆண்டுக்கு 39,000 ரூபாய்ச் சொச்சம். பைக் வாங்க முன்பணம் கட்டினேன். அந்தப் பைக் இப்போது எங்கே ஓடுகிறது என்றுகூடத் தெரியாது.

விட்டதையும் சொல்கிறேன். ஓய்வூதியத்துக்கான கணக்கு, சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது. 6,500 பெருக்கல் 6 வகுத்தல் 70 என்றால் மாதம் 557 ரூபாய். பெரிய தொகையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 58 வயதிலிருந்து உயிர் உள்ளவரை வந்துகொண்டே இருக்கும். ஆறாவது ஆண்டு முடிவதற்குள் 39,000ஐத் தாண்டிவிடும். அதைவிட எரிச்சலூட்டுவது வேறொன்று. 20 ஆண்டு பணி முடித்து 58இல் ஓய்வூதியம் பெறுகிறவருக்கு இரண்டு ஆண்டுகளைக் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். எனக்கு 58 வயது ஆகும்போது இப்போதைய கணக்கில் 19 ஆண்டுதான் இருக்கும். அந்த ஆறு இருந்திருந்தால் இருபத்தைந்து.

என் கதையாவது பரவாயில்லை. ஏழு ஆண்டு ஓரிடம், எட்டு ஆண்டு இன்னோரிடம் வேலை பார்த்து, இரண்டு முறையும் 10சியில் பணம் வாங்கிக்கொண்ட ஒருவர் எங்களிடம் வந்தார். மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டு தேவை. பதினைந்து ஆண்டு உழைத்தவர் கணக்கில் பூஜ்யத்தோடு எங்களிடம் சேர்ந்தார், நாற்பத்தொன்பதாவது வயதில். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

காகிதக் கட்டு போய்க் கைப்பேசி வந்துவிட்டது. தவறு அப்படியே இருக்கிறது. தம்பியும் திரையை என்னிடம் நீட்டி, "19 போட்டாயிற்று சார், 10சியும் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். போட்டாயிற்று என்றால் நிரப்பியாயிற்று. நல்ல வேளையாகச் சமர்ப்பிக்கவில்லை. அவர் பணிக்காலம் மூன்று ஆண்டு இரண்டு மாதம். ஐந்து ஆண்டுத் தொடர் பணி ஆகாமல் பி.எஃப். எடுத்தால் வருமான வரியும் சேர்ந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. அதே யூ.ஏ.என். எண்ணைப் புதிய கம்பெனியில் கொடுத்து, பழைய கணக்கை அங்கே மாற்றச் சொன்னேன். பணமும் பணிக்காலமும் சேர்ந்தே போகும். ஐந்து ஆண்டுக் கணக்குக்கும் இந்த மூன்று ஆண்டு உதவும். முகம் வாடிவிட்டது. அந்தப் பணத்தை நம்பி எதற்கோ வாக்குக் கொடுத்திருந்தார் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

அன்றே பணம் கிடைக்கும் என்று நம்புவது

கிடைக்காது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) சட்டமே 30 நாள் அவகாசம் தருகிறது.

பழைய கோபத்தைக் கொண்டுவருவது

பழைய மேற்பார்வையாளரிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று சிலர் வருகிறார்கள். கேளுங்கள், உங்கள் உரிமை. ஆனால் நிலுவையின்மைச் சான்றில் அவர் கையெழுத்தும் வேண்டும் என்பதால், வரிசையை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சீல் பார்க்காமல் கிளம்புவது

12ஆம் தேதி தம்பிக்கு ஒரு காகிதமும் கிடைக்கவில்லை. 18ஆம் தேதி போன் செய்துவிட்டு வந்தார். பெயர், இரண்டு தேதிகள், கையெழுத்து எல்லாவற்றையும் என் எதிரிலேயே நின்று விரல் வைத்துப் படித்தார். நன்றி சொல்லிவிட்டு வாசல் வரை போனவர், பாதி வழியில் திரும்பி வந்து கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார். சீல் இல்லை. குத்தாமல் விட்டது நான்தான்.