மழைக்காட்டு வேட்டைக்கு ரைஃபிள் வாங்கும் முன் ஒரு காகிதச் சோதனை

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தைக் குழலுக்கும் அதன் அடியிலுள்ள கட்டைக்கும் நடுவே நுழைத்து, பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் நல்லது. பிறகு கட்டையின் முன்பகுதியைக் குழலோடு சேர்த்துக் கையால் அழுத்திக்கொண்டு, மறுபடியும் இழுங்கள். விலை குறைந்த பிளாஸ்டிக் கட்டைகள் பல இங்கேதான் வளைந்து காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை. அப்படிப்பட்ட ஈரத்தில் மரத்தாலான கட்டை ஊறி உப்பும், குழலைத் தொட்டு அழுத்தும். நேற்று சரியாக விழுந்த குறி இன்று விலகும். காயத்தோடு ஓடும் மானின் வேதனையை நினைத்தால் இந்த இடைவெளி அற்ப விஷயமல்ல. ஸ்டெயின்லெஸ் குழலும் வளையாத செயற்கைக் கட்டையும் சேர்ந்திருந்தால் அதையே எடுங்கள். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸும் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் போடத்தான் வேண்டும்.

கட்டை முனை குழலைத் தாங்கும்படி வேண்டுமென்றே செய்த மாடல்களும், குழல் நுனிவரை மரம் போர்த்தியவையும் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.