ஒரு அரியர் தானேன்னு விட்டுடாதீங்க: பி.இ முதல் வருஷத்துல பண்ணக் கூடாத தப்புங்க

எங்க தெருவுல ஒரு தம்பி. தமிழ் மீடியம், கவர்மெண்ட் ஸ்கூல், வீட்ல முதல் பட்டதாரி. ஃபர்ஸ்ட் செம் ரிசல்ட் வந்த அன்னைக்கு போன் பண்ணி, "அண்ணே, மேக்ஸ் மட்டும் தான் போச்சு, ஒரு அரியர் தானே, மெதுவா க்ளியர் பண்ணிக்கலாம்னு சீனியர் சொன்னாரு"ன்னான். எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அவன் மேல இல்ல. நான் 2013ல சேந்தவன், எனக்கும் ஒரு சீனியர் இதே வார்த்தைய சொன்னாரு, நானும் நம்பினேன்.

நேரத்துக்குத் தூங்கு, செல்லை நோண்டாதன்னு உங்க வீட்லயே சொல்லிருப்பாங்க, அதெல்லாம் விட்டுடுறேன்.

அரியரைத் தள்ளிப் போடுறது

ரிசல்ட் கைக்கு வர்றப்பவே செகண்ட் செம் ஓட ஆரம்பிச்சிருக்கும். புது சப்ஜெக்ட், புது லேப், ரெக்கார்டு, இன்டர்னல் டெஸ்ட்டுன்னு வேலை வந்துக்கிட்டே இருக்கும், பழைய பேப்பர் அடியில போயிடும். நான் அரியருக்கு ஃபீஸ் கட்டிட்டு படிக்காமயே போய் உக்காந்தேன், அதுவும் ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. எம்-டூ, அதாவது செகண்ட் செம் மேக்ஸ் பரீட்சைக்கு மறுநாளே எம்-ஒன், ஃபர்ஸ்ட் செம் மேக்ஸ் அரியர் இருந்துச்சு, எதைப் படிக்கிறதுன்னு தெரியாம ரெண்டையும் கோட்டை விட்டேன்.

அதவிட மோசம் என்னன்னா மேக்ஸ் தனியா நிக்கிற பேப்பர் இல்ல. எங்க சிலபஸ்ல எம்-ஒன்ல மல்டிபிள் இன்டெக்ரல், அது புரியாம எம்-டூல வெக்டர் கால்குலஸ் எப்படிப் போடுவீங்க? மூணாவது செம்ல ஃபூரியர் சீரிஸ் வரும், அங்க ஒவ்வொரு கணக்கும் இன்டெக்ரேஷன் தான். ஒண்ணு மூணாச்சு. எம்-ஒன்னை நான் முடிச்சது ஆறாவது செம்ல.

ஏழாவது செம்ல கம்பெனிங்க வந்தாங்க. சில கம்பெனி இப்ப அரியர் இல்லாம இருந்தா போதும்பாங்க. சில கம்பெனி ஹிஸ்டரி ஆஃப் அரியரே இருக்கக் கூடாதும்பாங்க, அதாவது நீங்க க்ளியர் பண்ணிருந்தாலும் ஒரு தடவ விழுந்தது விழுந்தது தான். விழுந்ததை மாத்த முடியாது சரி, ஆனா ஒண்ணோட நிறுத்திருந்தா முதல் வகை கம்பெனி எதையும் நான் பயந்துக்கிட்டு பாத்திருக்க வேண்டாம், கடைசி வருஷ பிராஜெக்ட்டையும் நிம்மதியா பண்ணிருப்பேன்.

அந்தத் தம்பிகிட்ட உக்காந்து கணக்கு போட்டுக் காட்டினேன். அவன் அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன், அதாவது 2021ல வந்த பாடத்திட்ட விதிமுறைல படிக்கிறவன். தியரிக்கு காலேஜ்லயே வைக்கிற இன்டர்னல் 40, செம் பரீட்சை 60, பேப்பர் நூறு மார்க்குக்கு எழுதுவீங்க, அதை அறுபதாக் குறைப்பாங்க. மொத்தத்துல 50 வேணும், செம் பேப்பர்ல தனியா 45 சதவீதமும் வேணும். இன்டர்னல்ல 30 வச்சிருக்கறவனுக்கு நூறு மார்க் பேப்பர்ல 45 எடுத்தா போதும். 15 வச்சிருக்கறவனுக்கு கிட்டத்தட்ட 59 வேணும். அதனால இன்டர்னல் டெஸ்ட்டை லேசா நினைக்காதீங்க, அரியர் எழுதுறப்பவும் அதே மார்க் தான் கூட வரும்.

பேப்பர்ல பத்து ரெண்டு மார்க், அஞ்சு பதிமூணு மார்க், ஒரு பதினஞ்சு. யூனிட்டுக்கு ஒரு பதிமூணும் ரெண்டு டூ மார்க்கும்னு வச்சா 17. மூணு யூனிட்டை முழுசாப் போட்டா 51. மேட்ரிக்ஸ்ல இருந்து ஆரம்பின்னு சொன்னேன், ஐகன் வேல்யூ, கேலி ஹாமில்டன், கனானிக்கல் ஃபார்ம், மூணு மாதிரி கணக்கு தான் திரும்பத் திரும்ப வரும். தினம் ரெண்டு கணக்கு, கையால, விடையைப் பாக்காம. ரீவேல்யூவேஷன் போடணும்னா முதல்ல பேப்பரோட போட்டோகாப்பி வாங்கி எங்க விட்டோம்னு பாருங்க, டைம் சில நாள் தான் தருவாங்க. போட்டுட்டு அது வரட்டும்னு மட்டும் உக்காந்துடாதீங்க, படிச்சுக்கிட்டே இருங்க.

அட்டெண்டன்ஸ்

75 சதவீதம் இருக்கணும். லீவ் போடுற ஒவ்வொரு நாளையும் எழுதி வைங்க.

இங்கிலீஷுக்குப் பயந்து வாயைத் திறக்காம இருக்கிறது

என் அரியர் இங்க தான் ஆரம்பிச்சுது. டிட்டர்மினன்ட் டிட்டர்மினன்ட்னு மூணு வாரமா சார் சொன்னது நான் பிளஸ் டூல நல்லாப் போட்ட அணிக்கோவை தான்னு எனக்குத் தெரியல. மேட்ரிக்ஸ்னா அணி, இன்டெக்ரேஷன்னா தொகையிடல், எல்லாமே தெரிஞ்ச பாடம், பேர் மட்டும் வேற. முதல் ரெண்டு வாரம் ஒரு நோட்டுல ரெண்டு பக்கமா எழுதிக்கிட்டே வாங்க, ஒரு பக்கம் கிளாஸ்ல சொல்ற வார்த்தை, இன்னொரு பக்கம் நீங்க படிச்ச தமிழ் வார்த்தை. டவுட்டைத் தமிழ்லயே கேளுங்க, கிளாஸ்ல கூச்சமா இருந்தா ஸ்டாஃப் ரூம்ல போய்க் கேளுங்க, சொல்லித் தருவாங்க.

ராகிங்

பொறுத்துக்காதீங்க. ராகிங் ஹெல்ப்லைன் 1800-180-5522, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்

ஜெராக்ஸ் எடுக்காம, ஸ்கேன் பண்ணாம எதையும் குடுக்காதீங்க. முதல் பட்டதாரி சர்டிஃபிகேட்டையும் சேத்துத் தான்.

வீட்ல மறைக்கிறது

ரிசல்ட் வந்த அன்னைக்கே சொல்லிடுங்க. நான் ரெண்டு வருஷம் சொல்லல. அரியர் ஃபீஸை புக்கு வாங்கணும்னு சொல்லி வாங்குவேன், அப்பா லோடு ஏத்துற வேலை, கேட்ட அன்னைக்கே எங்கயாவது பொரட்டிக் குடுத்துடுவாரு. கடைசியில தெரிஞ்சப்போ அவர் திட்டவே இல்ல. அப்போ அந்த புக்கெல்லாம் வாங்கவே இல்லையாப்பான்னு மட்டும் கேட்டாரு.